விஷ மரம் கொடுத்த உயிர் மருந்து

எதற்கும் உதவாது என்று காட்டிலேயே தீ வைத்துக் கொளுத்திய மரம் அது. அதன் பட்டையில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று தெரிந்ததும், "மரத்தைக் காப்பாற்றுவதா? மனிதரைக் காப்பாற்றுவதா?" என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே மூண்டுவிட்டது.

அந்த மரத்தின் பெயர் "யூ". ஆமாம், பெயரே ஒரே எழுத்துதான்!

குங்குமச் சிமிழ்

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவர்கள் பைன் மரத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் இலை அகலமாக இராது. ஊசி ஊசியாக இருக்கும். காயும் நம் ஊர்க் காய் மாதிரி அல்ல. மரச் செதில்களை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும்.

மாங்கொட்டை எங்கே இருக்கிறது? பழத்துக்குள்ளே இருக்கிறது. பைன் விதையோ பழத்துக்குள் இல்லை. செதில்களின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இப்படி மூடாத விதை உடைய மரங்கள் ஒரு தனிச் சாதி. பூமியில் பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சாதி தோன்றிவிட்டது.

மனிதனுக்கு இந்த மரங்கள் செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. வர்ணம் அடிப்பவர்கள் கலக்கும் டர்பன்டைன், பைன் மரத்தின் பாலிலிருந்து வருகிறது. குளிர் நாடுகளில் வீடு கட்டுவதும், காகிதம் செய்வதும் பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான்.

யூ மரமும் இந்தச் சாதிதான். ஆனால் அதற்குச் செதில் காய்கூடக் கிடையாது. சிவப்பாக, சின்னக் குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு சதைக் கிண்ணம் உண்டாகும். அந்தக் கிண்ணத்தின் நடுவே விதை எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால், தொட்டால் வம்பு!

ராஜா சாப்பிட்ட விஷம்

யூ மரத்தில் இலை விஷம். பட்டை விஷம். விதை விஷம். அந்தச் சிவப்புச் சதை ஒன்றுதான் விஷம் இல்லாதது. பறவைகள் அதைத் தின்று, விதையைக் கடிக்காமல் அப்படியே வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் தப்பிக்கின்றன. குதிரையும் மாடும் தழையைத் தின்றால், இருதயம் நின்று, நின்ற இடத்திலேயே விழுந்து சாகும்.

ஐரோப்பாவில் பழங்காலத்திலேயே இது தெரியும். கட்டுவோல்கஸ் என்று ஒரு கிழ ராஜா இருந்தார். ரோமாபுரிப் படைகளை எதிர்த்துக் கலகம் செய்தார். கி.மு. 53-ம் ஆண்டில் படைகள் அவர் நாட்டைச் சூழ்ந்துகொண்டன. சண்டை போடவும் தெம்பு இல்லை. ஓடவும் வயது இல்லை. யூ விஷத்தைச் சாப்பிட்டு உயிரை விட்டார். இதை எழுதி வைத்தவர் வேறு யாரும் இல்லை. படை எடுத்து வந்த ஜூலியஸ் சீசரே தன் யுத்தப் புத்தகத்தில் எழுதி இருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் "தாலிசபத்திரி" என்று ஒரு காய்ந்த இலை விற்கிறார்கள். இருமலுக்கான சூரணத்தில் அது சேரும். பெரும்பாலும் அது இமயமலையில் வளரும் வேறோர் ஊசியிலை மரத்தின் இலை. ஆனால் யூ இலையும் அதே பெயரில் சந்தைக்கு வந்தது உண்டு. ஆகவே, நல்ல வைத்தியரைக் கேட்காமல் நாமாக வாங்கி இடித்துச் சாப்பிடுவது ஆபத்து.

வில்லுக்கு ஏற்ற மரம்

விஷ மரம் என்றாலும் அதை மனிதன் விட்டு வைக்கவில்லை. அதன் கட்டை அப்படிப்பட்டது.

1991-ம் ஆண்டு, ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் உள்ள பனிமலையில் ஒரு பிணம் கிடைத்தது. ஏதோ மலையேறப் போனவர் விழுந்து செத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தால், செத்து 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன! பனியில் கெடாமல் கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு வில், செம்புக் கோடரி இரண்டும் கிடந்தன. வில் யூ மரம். கோடரிக் காம்பும் யூ மரம்.

யூ கட்டையில் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். அது இழுத்தால் நீண்டு கொடுக்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி, அழுத்தினால் தாங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு கழியைச் சீவி எடுத்தால், அதுவே வில். 1415-ம் ஆண்டு அஜின்கோர்ட் என்ற இடத்தில், தங்களைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையை இங்கிலாந்துக்காரர்கள் முறியடித்தது இந்த வில்லால்தான். அவர்கள் வெட்டிய வெட்டில் அங்கே மரம் தட்டிப்போயிற்று. 1472-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சரக்குக் கொண்டு வரும் கப்பல் ஒவ்வொன்றும், டன்னுக்கு நான்கு வில் கழி வீதம் கொண்டு வர வேண்டும்! அப்படி ஐரோப்பா முழுவதும் யூ காடுகள் மொட்டை ஆயின. துப்பாக்கி வந்த பிறகுதான் மரத்துக்கு மூச்சு வந்தது.

அரை கிராம்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். வடமேற்கு மூலையில், பசிபிக் கடலை ஒட்டி, வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. (தலைநகரமான வாஷிங்டன் வேறு. அது கிழக்குக் கரையில் இருக்கிறது.) அங்கே 200 அடி உயர ஊசியிலை மரங்கள் நிறைந்த பெருங்காடுகள் உண்டு. அந்த ராட்சத மரங்களின் நிழலில், முறுக்கிக்கொண்டு, குள்ளமாக வளர்வது பசிபிக் யூ. நூறு ஆண்டு ஆனாலும் அதிகம் பருக்காது.

மரம் வெட்டும் கம்பெனிகளுக்குப் பெரிய மரங்கள்தான் வேண்டும். அவற்றை வெட்டி எடுத்துக்கொண்டு, யூ மரங்களை மிச்சக் கிளைகளோடு குவித்துத் தீ வைத்துவிடுவார்கள்.

1960-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு தேடுதலை ஆரம்பித்தது. தேசியப் புற்றுநோய் நிலையமும் விவசாய இலாகாவும் சேர்ந்துகொண்டன. கண்ணில் படும் செடிகொடிகளை எல்லாம் பறித்து வந்து, எதிலாவது புற்றுநோயைக் கொல்லும் சத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை!

1962 ஆகஸ்டு 21-ந் தேதி, விவசாய இலாகாவின் தாவர நிபுணர் ஆர்தர் பார்க்ளே, அந்த வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையையும் சுள்ளிகளையும் சேகரித்தார். யூ மரத்தைத் தேடி அவர் போகவில்லை. அன்றைக்கு அகப்பட்ட பல செடிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த மரத்தின் பட்டை பிறகு, நாட்டின் மறுகோடியில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மன்ரோ வால். இன்னொருவர் நம் இந்தியர். பெயர் மன்சுக் வானி. மகாராஷ்டிர மாநிலத்து நந்துர்பாரில் 1925-ல் பிறந்தவர். பம்பாயில் படித்து, பிறகு அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் வாங்கியவர்.

பட்டையின் சாறு புற்றுநோய் அணுக்களைக் கொன்றது. சாற்றில் எந்தப் பொருள் கொல்லுகிறது? அதைத் தனியே பிரிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 12 கிலோ உலர்ந்த பட்டையைக் காய்ச்சி வடித்ததில் கடைசியில் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? அரை கிராம்! ஒரு சிட்டிகை உப்புதான். அதற்கு "டாக்சால்" என்று பெயர் வைத்தார்கள். அது மாட்டைக் கொல்லும் விஷம் அல்ல. அந்த விஷம் வேறு, இந்தப் பொருள் வேறு. ஒரே மரத்தில் இரண்டும் குடியிருக்கின்றன.

1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். யாரும் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. மரம் அரிது, மருந்து கொஞ்சம், போதாததற்கு, அது தண்ணீரில் கரையவும் மாட்டேன் என்றது. கரையாத மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது எப்படி?

கடைசியில் அதைக் கரைத்தது எது தெரியுமா? நம் ஊர் ஆமணக்கு எண்ணெய்தான்! அதைப் பதப்படுத்தி, சாராயச் சத்தோடு சேர்த்துக் கரைத்தார்கள்.

சாரம் கட்டிய கதை

டாக்சால் எப்படி வேலை செய்கிறது? இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. நியூயார்க் நகரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்த சூசன் ஹார்விட்ஸ். ஆண்டு 1979.

வீடு கட்டும்போது சவுக்குக் கழி நட்டுச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். நம் உடம்பில் உள்ள அணு ஒன்று இரண்டாகப் பிரியும்போதும் இப்படித்தான். உள்ளே மெல்லிய இழைகளால் ஒரு சாரம் கட்டிக்கொள்ளும். அந்தச் சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருக்கும் சரக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போகும். வேலை முடிந்ததும் இழைகள் கரைந்துவிடும்.

புற்றுநோய் அணு ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். அதுதான் நோயே.

நம் வேலியோரத்தில் நித்தியகல்யாணி பூக்கிறதல்லவா? அந்தச் செடியிலிருந்தும் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுப்பது அது. அந்த மருந்து, அணுவைச் சாரம் கட்டவே விடாது. யூ மரத்து மருந்து நேர்மாறு. கட்டிய சாரத்தை அவிழ்க்க விடாது! சாரம் இறுகிக்கொள்ளும். அணு பிரிய முடியாமல் திணறிச் செத்துப் போகும். இப்படி ஒரு மருந்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அலமாரியில் கிடந்த டாக்சாலை டாக்டர்கள் தூசி தட்டி எடுத்தார்கள்.

மரமா, பெண்ணா?

பெண்களுக்குக் கருப்பையின் இரு பக்கமும் சினைப்பை என்ற சிறு உறுப்புகள் உண்டு. அங்கே வரும் புற்றுநோய் பொல்லாதது. சத்தம் போடாமல் வளரும். வயிறு உப்பி, வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும்.

வேறு மருந்துகள் கேட்காமல் கைவிடப்பட்ட 40 பெண்களுக்கு டாக்சால் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்குக் கட்டி சுருங்கியது! முழுக் குணம் அல்ல. சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன. ஆனாலும், எந்த மருந்தும் கேட்காத நிலையில் பத்தில் மூன்று பேருக்குக் கேட்டது என்பது பெரிய செய்தி. 1989-ல் அந்தச் செய்தி வெளிவந்ததும், "எங்கள் அம்மாவுக்குக் கொடுங்கள், என் மனைவிக்குக் கொடுங்கள்" என்று கேட்டு ஜனங்கள் டாக்டர்களை மொய்த்துக்கொண்டார்கள்.

மருந்து எங்கே இருக்கிறது? மரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ டாக்சால் எடுக்க ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டும். அதற்குச் சுமார் 3,000 மரங்களை உரிக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு முழுச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 2 கிராம். அதாவது, ஒரு பெண்ணுக்கு ஆறு மரம். அந்த நாளில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 12,000 பெண்கள் இந்த நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொடுப்பது என்றால், ஆண்டுக்கு 72,000 மரம்! பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். மறுபடி வளர நூறு ஆண்டு ஆகும்.

வழக்கு மூண்டது இதில்தான். அதே காடுகளில் ஓர் அபூர்வ ஆந்தை இனம் அழிந்துகொண்டிருந்தது. காட்டைத் தொடாதே என்று ஒரு கூட்டம். பெண்கள் சாகும்போது மரத்துக்காக அழுவதா என்று இன்னொரு கூட்டம். பசிபிக் யூவை அழியும் ஆபத்தில் உள்ள மரமாக அறிவிக்க வேண்டும் என்று 1990-ல் மனுக் கொடுத்தார்கள். மனு ஏற்கப்படவில்லை. அதே சமயம், பாதுகாப்புக் கேட்டவர்கள் சொன்ன ஒன்றை யாராலும் மறுக்க முடியவில்லை. மருந்து தெரிந்த பிறகும், வெட்டிய காடுகளில் யூ மரங்கள் மிச்சக் குப்பையோடு எரிந்துகொண்டுதான் இருந்தன!

1991-ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்ற மருந்துக் கம்பெனியிடம் அரசாங்கம் பொறுப்பை ஒப்படைத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நூற்றுக்கணக்கான டன் பட்டை உரிக்கப்பட்டது. 1992-ல் பசிபிக் யூவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. 1994-ல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி வந்தது. அதாவது, தேவை இன்னும் பல மடங்கு ஏறியது.

சாலைக்காக வெட்டிய மரம்

வழி பிறந்தது பிரான்சில். பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் தோட்டத்தில் யூ மரங்கள் நின்றன. சாலை போடுவதற்காக அவற்றை வெட்டினார்கள். அங்கே இருந்த விஞ்ஞானி பியர் போத்தியே, வெட்டிய மரத்தைச் சும்மா விடவில்லை. பட்டை, கட்டை, இலை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

இலையில் டாக்சால் அதிகம் இல்லை. ஆனால் டாக்சாலின் முக்கால் பங்கு வேலை முடிந்த மாதிரி ஒரு பொருள் இருந்தது. ஒரு கிலோ இலையில் ஒரு கிராம் வரை! பட்டையில் டாக்சால் இருந்ததைவிடப் பத்து மடங்கு. மிச்ச வேலையை ரசாயன சாலையில் முடித்தால் மருந்து தயார்.

இலையைப் பறித்தால் மரம் சாகாது. மறு ஆண்டு மறுபடி துளிர்க்கும். முடியைக் கத்தரிப்பது மாதிரி.

இதில் எனக்குப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. பட்டை, பட்டை என்று அத்தனை பேரும் காட்டில் அலைந்தபோது, விடை தோட்டத்து இலையில் இருந்திருக்கிறது. சாலை போடுபவர்கள் கோடரியோடு வராவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

அமெரிக்காவில் பிளோரிடா மாநிலச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ஹோல்டன், இலைப் பொருளை டாக்சாலாக மாற்ற இன்னும் நல்ல வழி கண்டார். கம்பெனி அவருடைய வழியை வாங்கிக்கொண்டது. 1990-களின் நடுவிலேயே காட்டு மரத்தின் பட்டை தேவையில்லை என்று ஆகிவிட்டது. பிறகு, யூ மரத்தின் அணுக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்தே மருந்து எடுக்கும் முறையும் வந்தது. கள் புளிக்கிற தொட்டி மாதிரிதான். மரமே இல்லாமல் மரத்து மருந்து!

பணக் கதையையும் சொல்ல வேண்டும். மருந்தைத் தேடியது, கண்டது, முதலில் சோதித்தது எல்லாம் ஜனங்களின் வரிப் பணத்தில். கம்பெனியோ "டாக்சால்" என்ற பெயரையே தன் வியாபாரப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அதனால் டாக்டர்கள் இன்று "பேக்ளிடாக்சல்" என்ற பெயரைச் சொல்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2003-ல் கணக்குப் பார்த்தது. அரசாங்கம் செலவழித்தது 48 கோடியே 40 லட்சம் டாலர். கம்பெனி விற்றது 900 கோடி டாலருக்கு மேல். கம்பெனி உரிமைக் காலம் முடிந்த பிறகு மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். இப்போது இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது.

இமயமலையில் என்ன ஆயிற்று?

நம் இமயமலையிலும் யூ இருக்கிறது. கார்வால் பக்கத்தில் "துனேர்" என்பார்கள். மலைஜனங்கள் அதன் பட்டையைத் தேயிலைக்குப் பதிலாகக் கொதிக்க வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். மருந்துச் செய்தி பரவியதும் வியாபாரிகள் மலையேறினார்கள். தழையை மட்டும் பக்குவமாகக் கிள்ளினால் மரம் பிழைக்கும் என்றேனே. கூலிக்கு அவசரமாகப் பறிக்கிறவர்களுக்கு அந்தப் பக்குவம் எங்கே? கிளையோடு முறித்தார்கள். பட்டையையும் உரித்தார்கள். 1995-ல் இதன் வெளிநாட்டு வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. ஆனாலும் 2011-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அமெரிக்க மரம் தப்பியது. நம் மலை மரம் மாட்டிக்கொண்டது.

கைக்கு வரும்போது

இந்த மருந்தை ஊசி வழியாக, சொட்டுச் சொட்டாக, சில மணி நேரம் ஏற்றுவார்கள். பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. சிலருக்கு வாரம் ஒரு முறை. எண்ணெய்க் கலப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காக முன்கூட்டியே வேறு மருந்து கொடுப்பார்கள். எண்ணெய் கலக்காத புதிய வகை 2005-ல் வந்தது.

தலைமுடி கொட்டும். காரணம், முடியின் வேரில் உள்ள அணுக்களும் வேகமாகப் பிரிகிறவை. அங்கேயும் சாரம் இறுகிவிடுகிறது. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் முடி மறுபடி முளைக்கும். கை கால் விரல்கள் மரத்துப் போவதும் உண்டு. அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நம் பெண்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள். சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார். சொல்லாவிட்டால் மரப்பு நிலைத்துவிடலாம்.

இன்னொரு விசேஷம். இருதயக் குழாய் அடைத்தால் உள்ளே சிறு கம்பிச் சுருள் வைக்கிறார்கள் அல்லவா? குழாய்ச் சதை மறுபடி வளர்ந்து அடைக்காமல் இருக்க, அந்தச் சுருளிலும் இதே மருந்தைப் பூசி விற்றார்கள். அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்ற அந்தச் சுருளுக்கு "டாக்சஸ்" என்று பெயர். அது யூ மரத்தின் லத்தீன் பெயர்தான். இருதயத்தை நிறுத்தும் மரத்தின் பெயர், இருதயத்தை ஓட வைக்கும் கருவிக்கு!

இங்கிலாந்தில் பழைய மாளிகைகளைச் சுற்றி யூ மரத்தை வேலியாக வளர்த்து, ஆண்டுக்கு ஒரு முறை கோடை முடிவில் கத்தரிப்பார்கள். அந்தத் தழையை முன்பெல்லாம் கொளுத்திவிடுவது வழக்கம். மருந்துக்கு என்று அதை வாங்கிப்போக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டிப்பு அதிகம். அந்த ஆண்டுத் துளிராக இருக்க வேண்டும். வாடக் கூடாது. வேறு இலை ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. அதனால் தோட்டக்காரர்கள் வேலியின் அடியில் முதலில் துணியை விரித்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.